மலை ரயிலை சிமுலேட்டரில் கட்டுவது எப்படி? பழைய குறுகிய பாதைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கணினி ரயில் சிமுலேட்டரில் நான் முதன்முதலில் கட்டிய மலைப்பாதை அந்தரத்தில் போய் முடிந்தது. கீழ் நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டு, மேல் நிலையம் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்து பார்த்தால், நிலையக் கட்டடம் 60 மீட்டர் கீழே கிடந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. பழைய வரைபடத்தில் இருந்தது 4 சதவீத ஏற்றம். பாதை கட்டும் மென்பொருளான எடிட்டர் கேட்டது டிகிரி. நான் பாட்டுக்கு 4 என்று அடித்துவிட்டேன். 4 டிகிரி என்றால் ஏறக்குறைய 7 சதவீதம். 80 மீட்டர் ஏற வேண்டிய பாதை 140 மீட்டர் ஏறியிருந்தது.

சமவெளிப் பாதையில் ஏற்றக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் யாருக்கும் தெரியாது. மலைப்பாதையில் ஏற்றம்தான் எல்லாம். வளைவு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, ரயில் ஏன் நின்று பின்னோக்கி ஏறுகிறது, ஏன் நாலைந்து பெட்டிக்கு மேல் கோக்கவில்லை, இன்ஜினின் முன்னால் இருவர் உட்கார்ந்து ஏன் கையால் மணல் தூவுகிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த ஒரே எண்ணில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மரம், கட்டடம், பனிமூட்டம் பற்றிக் குறைவாகவும் ஏற்றம் பற்றி நிறையவும் வரும்.

முதலில் ஆண்டு, பிறகு பாதை

"டார்ஜீலிங் ரயிலைக் கட்டப்போகிறேன்" என்று ஆரம்பிப்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த ஆண்டு டார்ஜீலிங்? 1881-இல் பாதை மேலே போய்ச் சேர்ந்தபோது பட்டாசியா லூப் கிடையாது (லூப் என்றால் பாதை வட்டமடித்துத் தன்னையே மேலாகக் கடந்து ஏறும் இடம்). அது 1919-இல் வந்தது. இரண்டாம் லூப் வெள்ளச் சேதத்துக்குப் பிறகு 1942-இல் எடுக்கப்பட்டது. 1991-இல் முதலாம் லூப்பும் போயிற்று. இன்று எல்லோரும் படம் எடுக்கும் அந்த நீல நிற 'பி' வகை இன்ஜின்களை ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1889 முதல்தான் கட்டியது. பட்டாசியாவில் 'பி' இன்ஜின் ஓட வேண்டும், கீழே இரண்டாம் லூப்பும் இருக்க வேண்டும் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 1919 முதல் 1942 வரையிலான காலம் மட்டுமே. அதற்குள் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். பிறகு வரும் நூறு சந்தேகங்களை அந்தத் தாள் தீர்த்துவைக்கும்.

மூடப்பட்ட பாதை என்றால் இந்தத் தொல்லை குறைவு. இங்கிலாந்தின் லின்டன் – பார்ன்ஸ்டபிள் பாதை 1898-இல் திறந்து 1935-இல் மூடப்பட்டது. அந்த 37 ஆண்டுக்குள் எதை எடுத்தாலும் பெரிய முரண் வராது. 'லூ' என்ற இன்ஜின் 1925-இல்தான் வந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

அப்புறம் நீளம். டார்ஜீலிங் பாதை 88 கிலோமீட்டர், கால்கா – சிம்லா 96. தனியாளாக முழுவதையும் கட்ட ஆரம்பித்து முடித்தவர்கள் மிகக் குறைவு. பாதியில் விட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு லூப், ஒரு ஜிக்ஜாக் (ரயில் முன்னும் பின்னுமாக மாறி மாறி ஏறும் இடம்), ஒரு நிலையம், தண்ணீர் பிடிக்க ஓர் இடம் என 5 கிலோமீட்டருக்குள் அமையும் துண்டை எடுங்கள். மலை ரயில் மணிக்கு 12, 15 கிலோமீட்டரில்தான் போகும். 5 கிலோமீட்டர் ஓட்டவே அரை மணி நேரம் ஆகிவிடும்.

எந்த சிமுலேட்டர் என்பது இரண்டாம்பட்சம். இலவசமாக வேண்டும், இயற்பியல் நுணுக்கமாக இருக்க வேண்டும் என்றால் ஓப்பன் ரெயில்ஸ். 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் கோப்பு வடிவத்தையே அது எடுத்துக்கொள்ளும். பாதை கட்ட டிஎஸ்ஆர்இ என்ற எடிட்டர் இருக்கிறது. நிலத்தைக் கையால் பிசைந்து பார்த்துப் பார்த்துக் கட்டும் சுகம் வேண்டும் என்றால் ட்ரெய்ன்ஸ். எதை எடுத்தாலும், கட்டத் தொடங்கும் முன் நல்ல மலைப்பாதை ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருடன் ஜப்பானின் ஹிசாட்சு பாதை வந்தது. கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம்) 1067 மில்லிமீட்டர்; ஒக்கோபா என்ற இடத்தில் லூப்புக்குள்ளேயே ஜிக்ஜாக். மலையேற்றத்தின் இரண்டு தந்திரங்களையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

என்ன தகவல் சேர்க்க வேண்டும்

முதலில் தேட வேண்டியது ஏற்றப் படம், அதாவது எந்த மைலில் எத்தனைக்கு ஒன்று என்ற ஏற்றம் என்று காட்டும் நீளவாட்டு வரைபடம். பல ரயில்வேக்கள் ஊழியர்களுக்காக அச்சிட்ட பழைய பணி அட்டவணைகளில் இது இருக்கும். கிடைக்கவில்லையென்றால் நிலையங்களின் கடல்மட்ட உயரத்தையும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் வைத்து நீங்களே சராசரி ஏற்றம் போடலாம். நிலையப் பெயர்ப்பலகையில் உயரம் எழுதியிருக்கும் பழைய புகைப்படம் இந்த வேலைக்குப் பொன் மாதிரி.

அடுத்தது பெரிய அளவுகோல் வரைபடம். பிரிட்டன் பாதைகளுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் பொருத்தி இணையத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயில்வேக்களின் சொத்தை அரசு மதிப்பிட வேண்டியதாயிற்று. அப்போது வரைந்த மதிப்பீட்டு வரைபடங்களில் மதகு, தண்ணீர்த் தொட்டி, ரயிலைத் தடம் மாற்றும் பாயின்ட்ஸ் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். ஊர்க் கட்டடங்களுக்குத் தீக்காப்பீட்டு வரைபடங்கள் உதவும்.

புகைப்படத்திலிருந்து அளவு எடுக்க, அளவு தெரிந்த பொருள் ஒன்று படத்தில் இருக்க வேண்டும். இன்ஜினின் சக்கர விட்டம் தெரிந்தால் அதை வைத்து, அதே தூரத்தில் நிற்கும் தாங்குசுவரின் உயரத்தைக் கணக்கிடலாம். இன்னொன்றையும் அதே படத்தில் கவனியுங்கள்: மரங்கள். பழைய படங்களில் பாதையோரம் மொட்டையாக இருக்கும், இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அதே இடம் அடர்காடாக இருக்கும். செயற்கைக்கோளை நம்பிக் காடு வளர்த்தால், 1910-இல் பயணிகள் பார்த்த பள்ளத்தாக்கு உங்கள் திரையில் மறைந்துவிடும்.

மலையை இறக்குவது

நில உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு உலகின் பெரும்பகுதிக்கு உண்டு. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. டிஎஸ்ஆர்இ இந்தக் கோப்புகளை நேரடியாக எடுத்துக்கொள்ளும். ட்ரெய்ன்ஸுக்கு டிரான்ஸ்டெம் என்ற கருவி இருக்கிறது. லேசரால் நிலத்தை அளக்கும் லைடார் தரவு கிடைக்கும் நாடுகளில் அதையே எடுங்கள். 1 மீட்டர் துல்லியத்தில், மூடிய பாதையின் பழைய மேடும் வெட்டும் புல்லுக்கு அடியிலிருந்து கோடாகத் தெரியும். இங்கிலாந்துக்கு அது இலவசம்.

எஸ்ஆர்டிஎம் தரவில் இரண்டு சிக்கல். ஒன்று, ரேடார் காட்டின் மேற்பரப்பையும் சேர்த்தே அளக்கிறது, அதனால் காடுள்ள இடத்தில் நிலம் உயர்ந்து தெரியும். இரண்டு, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் கூர்மையான முகடும் ஒடுங்கிய ஓடையும் மழுங்கிப்போகும். 35 டிகிரி சரிவில் உங்கள் பாதை கிடைமட்டமாக 10 மீட்டர் தள்ளிப்போனால் உயரம் 7 மீட்டர் மாறிவிடும். ஆகவே தண்டவாளத்தின் உயரத்தை ஒருபோதும் நிலத் தரவிலிருந்து எடுக்காதீர்கள். ஏற்றப் படம் சொல்லும் உயரத்தில் தண்டவாளத்தைப் போட்டுவிட்டு, நிலத்தை அதற்கேற்ப வளையுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். தண்டவாளம் நிலத்தோடு ஒட்டி ஏறி இறங்கி, ஓட்டிப் பார்த்தால் ராட்டினத்தில் ஏறிய மாதிரி இருக்கும்.

பாதை போடுவது

முதலில் எடிட்டர் ஏற்றத்தை எந்த அலகில் கேட்கிறது என்று பாருங்கள். 25-க்கு 1 என்றால் 25 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும். அது 4 சதவீதம், ஆயிரத்துக்கு 40, அல்லது 2.29 டிகிரி. நான்கும் ஒன்றே. எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

பிறகு ஒரு விரிதாளைத் திறங்கள். ஏற்றம் மாறும் ஒவ்வோர் இடத்துக்கும் தூரம், ஏற்றம், அங்கே தண்டவாளம் இருக்க வேண்டிய உயரம் என்று மூன்று பத்தி. 500 மீட்டருக்கு ஒரு முறை எடிட்டரில் உள்ள உயரத்தை இதோடு ஒப்பிடுங்கள். அரை மீட்டருக்கு மேல் விலகினால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். மேலே போய்த் திருத்தலாம் என்று விட்டால் லூப் மூடாது.

லூப் ஏன் மூடாது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். டார்ஜீலிங் பாதையின் அகனி பாயின்ட் லூப்பில் வளைவு ஆரம் 59.5 அடி, ஏறக்குறைய 18 மீட்டர்தான். நம் கணக்குக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுச்சுற்று 126 மீட்டர். 4 சதவீத ஏற்றத்தில் ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் ஏறும். கீழே போகும் ரயிலின் உயரம், மேல் பாலத்தின் தடிமன் எல்லாம் சேர்த்து 4 மீட்டராவது வேண்டும். தப்பித்தோம்.

ஆனால் வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உரசுவதால் இழுவைச் சுமை கூடும். அதை ஈடுகட்ட வளைவுகளில் ஏற்றத்தைக் குறைப்பார்கள். இந்தியப் பொறியியல் பாடநூல்களில் குறுகிய பாதையான நேரோ கேஜுக்குச் சொல்லப்படும் விதி: 35-ஐ மீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் வருவதே குறைக்க வேண்டிய சதவீதம். 20 மீட்டர் ஆரத்துக்கு 1.75. இப்போது ஏற்றம் 2.25 சதவீதம்தான், ஒரு சுற்றில் 2.8 மீட்டர் ஏறும். ரயில் இடிக்கும். அதே விதிப்படி ஆரத்தை 30 மீட்டராக்கினால் சுற்று 188 மீட்டர், ஏற்றம் 2.83 சதவீதம், உயர்வு 5.3 மீட்டர். மூடிவிட்டது. வளைவை இறுக்குவதா, ஏற்றத்தைக் கூட்டுவதா என்ற இந்த இழுபறியைத்தான் அன்றைய பொறியாளர்கள் மலைச்சரிவில் நின்றுகொண்டு தீர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டுப் பாதைகள் எல்லாம் இந்த விதியைப் பின்பற்றவில்லை. கையில் அசல் ஏற்றப் படம் இருந்தால் அதுவே இறுதி. இல்லாத இடத்தில் மட்டும் விதியைப் போடுங்கள்.

இறுக்கமான வளைவில் இன்னொரு தொல்லை, தண்டவாளத்தின் முப்பரிமாண மாதிரி சின்னச் சின்ன நேர்த்துண்டுகளால் ஆனது. 20 மீட்டர் ஆரத்தில் ஒரு துண்டு 10 டிகிரி திரும்பினால், வளைவுக்கும் நேர்த்துண்டுக்கும் நடுவில் 76 மில்லிமீட்டர் இடைவெளி வரும். 1435 மில்லிமீட்டர் கேஜில் இது கண்ணில் படாமல் போகலாம். 610 மில்லிமீட்டர் கேஜில் கேஜின் எட்டில் ஒரு பங்கு அது, பலகோணமாகவே தெரியும். துண்டுக்கு 5 டிகிரி என்றால் 19 மில்லிமீட்டர், 2.5 டிகிரி என்றால் 5. நான் 2.5-தான் வைப்பேன். கணினி கொஞ்சம் திணறினால் திணறட்டும்.

ஜிக்ஜாக்கில் கணக்கு வேறு. ரயில் முன்னோக்கி ஏறி ஒரு முட்டுப்பாதைக்குள் போய் நிற்கும். பாயின்ட்ஸ் மாற்றியதும் பின்னோக்கி ஏறும், இப்போது இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்து தள்ளும். மேலே இன்னொரு முட்டுப்பாதையில் நின்று மறுபடி முன்னோக்கிக் கிளம்பும். இங்கே முக்கியமானது முட்டுப்பாதையின் நீளம். ரயில் 50 மீட்டர் என்றால் பாயின்ட்ஸுக்கு அப்பால் 60 மீட்டராவது வேண்டும். ஓப்பன் ரெயில்ஸில் பாதைக் கோப்பில் திரும்பும் புள்ளியையும் கடைசிப் பெட்டி பாயின்ட்ஸைத் தாண்டி நிற்கும்படி வைக்க வேண்டும், இல்லையென்றால் ரயிலுக்கு அடுத்த பாதை திறக்காது. அசல் பாதையில் எத்தனை பெட்டி ஓடியது என்பதற்கு இந்த முட்டுப்பாதையின் நீளம் நல்ல சாட்சி. உங்கள் ரயில் அதில் அடங்கவில்லை என்றால், ஒன்று ரயில் நீளம், அல்லது முட்டுப்பாதை குட்டை.

மலைவிளிம்பு

எனக்கு மிகவும் பிடித்த வேலையும், மிகவும் வதைத்த வேலையும் இதுதான்.

610 மில்லிமீட்டர் பாதைக்கு மலையில் வெட்டிய விளிம்பு மூன்றரை மீட்டர் அகலம் இருந்தாலே அதிகம். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். ஆனால் மைக்ரோசாஃப்ட் வடிவத்தில் நிலம் 2048 மீட்டர் சதுரங்களாக, ஒவ்வொரு பக்கமும் 256 கட்டங்களாக இருக்கிறது. ஒரு கட்டம் 8 மீட்டர். 8 மீட்டர் கட்டத்தில் மூன்றரை மீட்டர் விளிம்பை வெட்ட முடியாது. ட்ரெய்ன்ஸில் நீண்ட காலமாக இருந்த 10 மீட்டர், 5 மீட்டர் கட்டங்களிலும் இதே கதைதான். புதிய பதிப்புகளில் நுண்ணிய நிலம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம்.

எடிட்டரின் தானியங்கிக் கருவியைத் தட்டினால் பாதைக்கு இருபுறமும் நிலத்தைச் சமன் செய்து, ரயில் நெடுஞ்சாலை நடுவில் போவது போல் ஆக்கிவிடும். அது வேண்டாம். நான் செய்வது இது: பாதைக்கு அடியில் உள்ள நிலத்தை ஒன்றரை, இரண்டு மீட்டர் கீழே தள்ளிவிடுவேன். இப்போது தண்டவாளம் காற்றில் நிற்கும். பள்ளத்துப் பக்கம் தாங்குசுவரின் முப்பரிமாண மாதிரி ஒன்று, மலைப்பக்கம் பாறைமுகத்தின் மாதிரி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஜல்லித்தளம். நிலம் எங்கே இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் சுவரும் பாறையும்தான்.

தாங்குசுவர்த் துண்டுகளை 5 மீட்டர் நீளத்தில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொள்ளுங்கள். 4 சதவீத ஏற்றத்தில் ஒரு துண்டுக்கு 20 சென்டிமீட்டர் உயர வேண்டும். சாய்த்து வைத்தால் கல்வரிசைகளும் சாயும். உண்மையான கொத்தனார் கல்லைக் கிடைமட்டமாகத்தான் அடுக்குவார். ஆகவே கல்வரிசையை நேராக வைத்து மேல்விளிம்பை மட்டும் சாய்த்த துண்டு செய்யுங்கள். ஒரே துண்டை நூறு தடவை வைத்தால் கண் கண்டுபிடித்துவிடும். மூன்று வகை போதும்: சுத்தமானது, தண்ணீர் வழிந்து கறுத்தது, பாசியும் புல்லும் முளைத்தது. கறுத்ததை மதகு உள்ள இடத்தில் வையுங்கள். அங்கேதான் உண்மையிலும் நீர் ஒழுகும்.

பாலங்களுக்கும் இதே சிந்தனை. கால்கா – சிம்லா பாதையின் அடுக்கடுக்கான வளைவுப் பாலங்களுக்கு ஒரு வளைவை நன்றாகச் செய்து நகலெடுத்தால் வேலை முடியும். சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் போல 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து போகிறதென்றால், ஆறு வளைவுகளையும் தூண்களோடு தனித்தனியே செய்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். நேர்ப்பாலத்தை வளைத்தால் தூண்கள் கோணலாகும்.

தண்டவாளம்

சிமுலேட்டரில் ரயில் ஒரு கற்பனையான நடுக்கோட்டில் ஓடுகிறது. தண்டவாளம் போடும்போது கேஜ் என்பது பார்வைக்கு மட்டும்: தண்டவாள மாதிரியும் சக்கர மாதிரியும் பொருந்தினால் சரி. 610 மில்லிமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் நீள ஸ்லீப்பர் கட்டை, மெலிந்த தண்டவாளம், மண்ணோடு கலந்த ஜல்லி. பெரிய பாதையின் மாதிரியைச் சுருக்கிப் பயன்படுத்தினால் தண்டவாளம் தடித்து, ஜல்லி மணலாகி, பொம்மை ரயில் போல் ஆகிவிடும். தனியாகவே செய்யுங்கள்.

இன்ஜினுக்கு உயிர் கொடுப்பது

பலர் ஏதோ ஒரு பெரிய இன்ஜினின் கோப்பை நகலெடுத்துப் பெயரை மாற்றி ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் 4 சதவீத ஏற்றத்தில் பன்னிரண்டு பெட்டியோடு சிட்டாய்ப் பறக்கும். கட்டிய மலையெல்லாம் வீண்.

டார்ஜீலிங் 'பி' இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 11 அங்குலம், உந்துநீளம் (பிஸ்டன் நகரும் தூரம்) 14 அங்குலம், சக்கரம் 26 அங்குலம், கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு. கொதிகலன் அழுத்தத்தில் 85 சதவீதம் சிலிண்டருக்குக் கிடைக்கும் என்று கொள்ளும் வழக்கமான சூத்திரத்தில் போட்டால் இழுவிசை சுமார் 7750 பவுண்டு, அதாவது 34 கிலோநியூட்டன். இன்ஜினின் எடை சுமார் 15 டன்; நான்கு சக்கரமும் இயங்கு சக்கரம். இழுவிசையை எடையால் வகுத்தால் வரும் விகிதம் 0.23. காய்ந்த தண்டவாளத்தில் இது ஓடும். பனி படிந்த காலையில் சக்கரம் சுழலும். இன்ஜினின் முன்பக்கம் இருவர் உட்கார்ந்து கையால் மணல் போட்டுக்கொண்டே போனதற்குக் காரணம் இந்த 0.23-தான்.

இனி எதிர்ப்பக்கம். ஆயிரத்துக்கு 1 ஏற்றத்துக்கு ஒரு டன்னுக்கு 9.81 நியூட்டன். ஆயிரத்துக்கு 40 என்றால் 392. உருளும் தடை, வளைவுத் தடை சேர்த்து 500 என்று வைப்போம். 34,000-ஐ 500-ஆல் வகுத்தால் 68 டன். ஆனால் அது கிளம்பும்போது கிடைக்கும் உச்ச விசை; சின்னக் கொதிகலனால் அதைத் தொடர்ந்து தர முடியாது. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் 45 டன், இன்ஜினின் 15 டன்னைக் கழித்தால் மிச்சம் 30 டன். சில சின்னப் பெட்டிகள், அவ்வளவுதான். உங்கள் இன்ஜின் 30 டன்னோடு மூச்சு வாங்கி ஏறி, 50 டன்னோடு நின்றுவிட்டால் கோப்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஓப்பன் ரெயில்ஸில் மறக்கக்கூடாத இரண்டு அளவுகள்: தண்டவாள இடைவெளி, அசையாத அச்சுகளுக்கு இடையிலான தூரம். வளைவுத் தடையை அது இவற்றிலிருந்துதான் கணக்கிடுகிறது. கேஜைக் குறிப்பிடாவிட்டால் 1435 என்று எடுத்துக்கொள்ளும்.

சக்கர ஆரத்தையும் சரியாகக் கொடுங்கள். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2.07 மீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டரில் வினாடிக்கு 1.6 சுற்று; சுற்றுக்கு நான்கு வெளியேற்றம் என்றால் வினாடிக்கு ஆறு 'சுக்'குக்கு மேல். பெரிய இன்ஜினின் 0.9 மீட்டர் ஆரத்தை அப்படியே விட்டால் அதே வேகத்தில் இரண்டரைதான் வரும். குட்டி இன்ஜின் படபடவென்று இரைந்துகொண்டு ஆமைவேகத்தில் ஏறுவதே இந்த ரயிலின் அழகு.

பல்சக்கரப் பாதை

ஏற்றம் 7, 8 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் பல்தண்டவாளம் வேண்டும்; இன்ஜினின் பல்சக்கரம் அதன் பற்களைக் கவ்வி ஏறும். நீலகிரி மலை ரயில் இதற்கு நல்ல உதாரணம். மீட்டர் கேஜ், ஆப்ட் முறைப் பல்தண்டவாளம், கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 8 சதவீத ஏற்றம். அதன் 'எக்ஸ்' வகை இன்ஜினில் நான்கு சிலிண்டர். இரண்டு சக்கரங்களை இயக்கும், இரண்டு பல்சக்கரத்தை.

உங்கள் சிமுலேட்டர் பல்சக்கரத்தைத் தனியாகக் கணக்கிடவில்லை என்றால், இன்ஜினின் பிடிப்புக் குணகத்தை (சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் அளவை) மிக உயர்த்திவிடுவது எளிய வழி. அப்படியானால் பல்தண்டவாளம் இல்லாத இடத்திலும் சக்கரம் வழுக்காதே என்று கேட்பீர்கள். மேட்டுப்பாளையம் – கல்லாறு பகுதியில் ஏற்றம் குறைவு, அங்கே வழுக்காதது யாருக்கும் தெரியாது. குன்னூருக்கு மேலே பல்தண்டவாளம் கிடையாது; இன்ஜினை அங்கே மாற்றும்படி அமைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பல்பாதையில் மணிக்கு 13 கிலோமீட்டர் என்ற வேகப்பலகையை வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இங்கே இன்ஜின் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் இருக்கும், ஏறும்போது தள்ளும். ஓட்டுநரின் ஜன்னலிலிருந்து பாதை தெரியாது. முதல் பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேனின் கண் உயரத்தில் ஒரு கேமராவை வையுங்கள். ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிற்பார்கள்.

இறக்கம்

ஏறுவதைவிட இறங்குவது கடினம். 30 டன் ரயில் 4 சதவீத இறக்கத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரில் இறங்கும்போது, பிரேக்குகள் ஏறக்குறைய 49 கிலோவாட்டை வெப்பமாக்க வேண்டும், அதுவும் மணிக்கணக்கில். அசல் பாதையில் என்ன பிரேக் இருந்தது என்று தேடி அதையே கொடுங்கள். வெற்றிடப் பிரேக்கா, காற்றுப் பிரேக்கா, பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் சுற்றும் கைபிரேக்கா என்பதைப் பொறுத்து ஓட்டும் விதமே மாறும். அமெரிக்காவின் 3 அடி கேஜ் பாதை ஒன்றில், கொலராடோவின் கும்ப்ரஸ் கணவாயிலிருந்து நியூ மெக்ஸிகோவின் சாமாவுக்கு இறங்கும் முன் பெட்டிகளில் ரிடெய்னர் வால்வைத் திருப்பி வைப்பார்கள். பிரேக்கை மறுபடி நிரப்பும்போதும் கொஞ்சம் பிடிப்பு தங்கியிருக்கும். ஓப்பன் ரெயில்ஸில் இந்த வால்வு உண்டு, பயன்படுத்துங்கள்.

ஏற்றம் மாறும் உச்சியில் கொதிகலன் நீரையும் கவனியுங்கள். 3 மீட்டர் நீளக் கொதிகலனில் 4 சதவீதச் சாய்வு என்றால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நீர்மட்டம் 12 சென்டிமீட்டர் வித்தியாசம். ஏறும்போது நெருப்பறையின் மேல் நிறைய நீர் இருப்பதாகக் காட்டிய கண்ணாடி, உச்சியைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். உச்சிக்கு முன்பே நீர் ஏற்றிக்கொள்வது ஃபயர்மேனின் பாலபாடம்.

ஓட்டுவதற்கு ஒரு வேலை

பாதை கட்டியாயிற்று, இன்ஜின் மூச்சு வாங்குகிறது. இனி ஓட்டுபவருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். வெறுமனே கீழிருந்து மேலே போ என்றால் ஒருமுறை ஓட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். அசல் பாதையில் நடந்த நடைமுறையையே எடுங்கள். மேலே சொன்ன அமெரிக்கப் பாதையில் சாமாவிலிருந்து கும்ப்ரஸ் வரை 22 கிலோமீட்டர், 4 சதவீதம், உச்சி 3053 மீட்டர் உயரத்தில். சரக்கு ரயிலை ஒரே இன்ஜினால் முழுதாக ஏற்ற முடியாதபோது, பாதியை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, இன்ஜின் தனியாக இறங்கி வந்து மீதியை எடுத்துப் போகும். 1925-இல் பால்ட்வின் கட்டிய கே-36 வகை இன்ஜின் ஒன்று, சரக்குப் பெட்டிகளின் வரிசை ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று. ஒரு மாலைப்பொழுது முழுக்க ஓடும் விளையாட்டு தயார்.

நான் இதைச் சோதித்த முதல் நாள், முதல் பாதியை உச்சியில் கழற்றிவிட்டேன். காற்றுக்குழாயின் அடைப்பு வால்வை மூடினேன், பிரேக் விட்டிருந்தது, கைபிரேக் போட மறந்துவிட்டேன். இன்ஜினை மட்டும் திருப்பிக்கொண்டு வளைவு வளைவாக நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. கேமராவைத் திருப்பினால், நான் விட்டுவந்த ஏழு பெட்டிகளும் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தன.